பண்ணிடலாம் என்றவர்

நான் அவரை முதன்முதலில் பார்த்தபோது, மூன்று கல்யாணப் பந்திகளில் சாப்பிட்டுவிட்டு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று பெரிய முகூர்த்த நாள். முத்தியால்பேட்டையிலேயே இரண்டு கல்யாணம், உழவர்கரையில் ஒன்று. மூன்று வீட்டுக்காரர்களும் "இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போவணும்" என்று சொல்லியிருந்தார்கள். மூன்று பேரிடமும் சரி என்று சொல்லியிருந்தார். சொன்னபடி சாப்பிட்டும் விட்டார்.

"மூணாவது எடத்துல பாயசத்தையாவது வேணாம்னு சொல்லக்கூடாதா?" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி கேட்டார்.

"ஊத்தறவரு வாளியோட எதிர்ல வந்து நின்னுட்டாரு. எப்படி அனுப்புறது?" என்றார். மனைவியைப் பார்த்துச் சொல்லவில்லை. அப்போதுதான் படியேறி வந்த என்னைப் பார்த்துச் சொன்னார், நான்தான் கேட்டேன் என்பதுபோல.

வீடும் பட்டறையும் ஒன்றாக இருந்த இடம் அது. முன்பக்கம் தகரக் கூரை போட்ட பட்டறை, பின்னால் இரண்டு அறைகள். பித்தளையில் கதவுக் கைப்பிடி, விளக்கு, பெயர்ப்பலகை, ஓட்டல்களில் வைக்கிற அலங்காரச் சிலைகள் எல்லாம் செய்துகொண்டிருந்தார். நான் அப்போது சாரம் பகுதியில் ஓர் உள் அலங்கார ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். எங்கள் ஆர்க்கிடெக்ட் வரைந்து தருவதை எடுத்துக்கொண்டு பட்டறை பட்டறையாக அலைந்து வேலை வாங்குவது என் பொறுப்பு. அன்று என் கையில் பன்னிரண்டு கைப்பிடிகளுக்கான படம் இருந்தது. நான்கு நாளில் வேண்டும். அதற்குள் இரண்டு பட்டறைகளில் சிரித்து அனுப்பிவிட்டார்கள். இங்கே எப்படிக் கெஞ்சலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன்.

அவர் தாளை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "பண்ணிடலாம்மா" என்றார்.

அவ்வளவுதான். நான்காம் நாள் காலை பத்து மணிக்குப் பன்னிரண்டும் எங்கள் ஆபீஸ் மேஜைமேல் இருந்தன. கொண்டுவந்து வைத்த அவர் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

இதை நான் மறைக்க விரும்பவில்லை: அன்றைக்கே அவரைப் புரிந்துகொண்டுவிட்டேன். அதன்பிறகு நான்கு நாள் வேலைக்கு நான் அவருக்கு மூன்று நாள்தான் கொடுத்தேன். என் வேலை எனக்குச் சுலபமாகிவிட்டது. ஆபீஸில் நல்ல பெயரும் வந்தது. "எங்கேயும் நடக்கலையா, உங்க அண்ணன்கிட்ட கொண்டு போ" என்பார் ஆர்க்கிடெக்ட். நானும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

அண்ணன் நெடுநெடுவென்று உயரம். ஆனால் யாரோடு பேசினாலும் அவர்கள் உயரத்துக்குக் குனிந்துகொள்வார். முன்கை இரண்டிலும் தீப்பொறி பட்ட புள்ளிகள். பட்டறை ஷட்டரில் தேர்தல் சமயத்தில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு கட்சிகளின் போஸ்டர்களும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருக்கும். இரண்டு பேரும் வந்து கேட்டார்களாம். அவருடைய ஏணியை அவர் பட்டறையில் நான் பார்த்ததே இல்லை. அந்தத் தெருவில் எந்த வீட்டுக்கு வெள்ளையடித்தாலும் அது அங்கேதான் இருக்கும். உயரத்திலிருந்து எதையாவது எடுக்க வேண்டியிருந்தால் இவர் ஒரு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நிற்பார்.

பட்டறை போடுவதற்கு முன்னால் மில்லில் பிட்டராக இருந்தவர். மில்லை மூடப் போவதாகப் பேச்சு வந்தபோது, வேலையை விட்டுவிடுவதாக எழுதிய தாளை நிர்வாகம் நீட்டியது. மற்றவர்கள் எல்லாம் வாசலில் உட்கார்ந்து கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் கையெழுத்து இவருடையது. "எதுக்குண்ணே போட்டீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "மேனேஜரு பேனாவைத் தொறந்து கையில குடுத்துட்டாரும்மா" என்றார்.

நான் அண்ணி என்று கூப்பிடும் அவர் மனைவி இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஒருநாள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கடைக்குப் போயிருந்தார். நானும் அண்ணியும் மட்டும் இருந்தோம்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பா கேட்டாரு, பொண்ணைப் புடிச்சிருக்கான்னு. சரிங்கன்னாரு. இத்தினி வருஷமாச்சி. புடிச்சித்தான் கட்டினாரா, கேட்டுட்டாங்களேன்னு கட்டினாரா? இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. இப்பக் கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவாரு."

அந்த ஓட்டல் வேலை வந்தது அதற்கடுத்த வருஷம்.

கடற்கரைப் பக்கத்துப் பழைய தெரு ஒன்றில் ஒருவர் தம் குடும்ப வீட்டை ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஊரில் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்றால் தெரியும். இவர் பாதி வருஷம் பிரான்சில், பாதி வருஷம் இங்கே. தணிந்த குரலில் பேசுகிற, யாரையும் 'நீங்க' என்றே சொல்கிற மனிதர். ஓட்டலின் முன்கட்டில் தேநீருக்கென்று ஒரு கூடம் வைக்கப் போவதாகவும், அதன் நடுவில் தேநீரின் பழைய கதையைச் சொல்வதுபோல் ஆள் உயரத்தில் ஒரு பித்தளைச் சிலை வேண்டும் என்றும் கேட்டார். எங்கள் ஆர்க்கிடெக்ட் எங்கிருந்தோ ஒரு பழைய புகைப்படம் கண்டுபிடித்தார். சீன மலைப்பாதைகளில் தேயிலை சுமந்துபோன கூலியாட்களின் படம். தேயிலையைச் செங்கல்போல் அழுத்தி, பொட்டலம் பொட்டலமாகத் தலைக்கு மேலே போகும்வரை முதுகில் அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு குட்டைக் கழி.

படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வழக்கமாக வாங்கிய வேகத்திலேயே சொல்லிவிடுகிறவர், அன்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்தக் கழி எதுக்கும்மா?"

ஆர்க்கிடெக்ட் சொன்னதைச் சொன்னேன். சுமையை இறக்கிவைத்தால் திரும்பத் தூக்க ஆள் இருக்காது. அதனால் இறக்க மாட்டார்கள். கழியைச் சுமைக்கு அடியில் முட்டுக்கொடுத்து, நின்றபடியே மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி நடப்பார்கள்.

"ஓ" என்றார். பிறகுதான் "பண்ணிடலாம்மா" வந்தது.

நான்கு மாதம் ஆயிற்று. இடையில் ஒருமுறை போனபோது முதுகில் இரண்டு சிமெண்ட் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு பட்டறை நடுவில் நின்றுகொண்டிருந்தார். அண்ணி பின்னால் உட்கார்ந்து அவர் கெண்டைக்காலைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "எந்த நரம்பு பொடைக்குதுன்னு பாக்கணுமாம். எனக்கு வேற வேலையே இல்ல பாரு" என்றார் அண்ணி. ஆனால் குரலில் ஒரு குதூகலம் இருந்தது.

சிலை முடிந்த அன்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தகடு தகடாக அடித்து, வளைத்து, ஒட்டிச் செய்த ஆள். முன்னால் சாய்ந்து, கழியில் சுமையைத் தாங்க விட்டு நிற்கிறான். கால் விரல்கள் தரையைப் பற்றியிருந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த வாயைப் பார்த்தபோது எனக்கே மூச்சு முட்டியது.

"நல்லா இருக்கில்ல?" என்றார். செய்த ஒன்றைப் பற்றி அவர் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ரொம்ப நல்லா இருக்குண்ணே" என்றேன்.

மறுநாள் ஓட்டல்காரர் பட்டறைக்கே வந்தார். சிலையைச் சுற்றி வந்தார். கை கூப்பினார். "பிரமாதம். மனசு கனத்துப் போச்சு" என்றார். பிறகு தயங்கிவிட்டு, "ஒண்ணே ஒண்ணு. டீ குடிக்க வர்றவங்க இந்த முகத்தைப் பாத்துக்கிட்டு உக்காரணும் இல்லையா? வாயை மட்டும் மூடிடலாமா? லேசா ஒரு சிரிப்பு. உங்களுக்குச் சம்மதமா?" என்றார்.

அவர் கேட்கத்தான் செய்தார். அதை நான் சொல்லியாக வேண்டும். உத்தரவு போடவில்லை.

"பண்ணிடலாம் சார்."

பித்தளையைக் காஸ் வைத்துச் சூடேற்றி ஒட்டும்போது வெள்ளையாக ஒரு புகை எழும். அது நெஞ்சில் இறங்கினால் சாயங்காலம் குளிரெடுத்துக் காய்ச்சல் வரும், விடிந்தால் போய்விடும். அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பால் குடித்தால் சரியாகும் என்பார்கள். செய்து முடித்த சிலையை அறுத்து, பழைய ஒட்டைக் கரைத்து, புதிதாக ஒட்டுவதென்றால் புகை இரண்டு மடங்கு. முகத்தை மாற்றி முடித்தபோது அவருக்கு இருமல் பிடித்திருந்தது.

அடுத்த மாதம், கூடத்தின் விட்டத்துக்குச் சுமை இடிக்கும் என்று தெரிந்தது. பாதி சுமையை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார். சுமை குறைந்ததும் குனிந்திருப்பது பொருந்தவில்லை, முதுகை நிமிர்த்த முடியுமா என்றார்கள். நிமிர்த்தினார். நிமிர்ந்தவனுக்குக் கழி எதற்கு? கையில் கெண்டி கொடுத்து டீ ஊற்றுவதுபோல் வைத்தால் நன்றாக இருக்குமே என்று ஆர்க்கிடெக்ட்டின் யோசனை. கெண்டி வந்தது. கெண்டி வந்தபின் மிச்சச் சுமையும் போயிற்று. இவை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ச் சொன்னவள் நான். ஒவ்வொரு முறையும் அவர் தாளை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அதே பதில், நடுவில் இருமலோடு.

ஒருநாள் அண்ணி என்னைத் தெருமுனையிலேயே மறித்தார்.

"பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனேன். நெஞ்சுப் படம் எடுத்தாங்க. இனிமே புகைக்கிட்டயே போவக்கூடாது, நுரையீரல் தாங்காதுன்னு டாக்டர் சொன்னாரு. இவரும் சரிங்கன்னாரு. வந்து சட்டைய மாத்திக்கினு பட்டறையில போய் உக்காந்துட்டாரு." என் கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டருக்கும் சரி, உங்களுக்கும் சரி. நான் எங்கம்மா போவேன்? நீ சொன்னா கேப்பாரு."

பட்டறைக்குள் போனேன். "அண்ணே, முடியலன்னா சொல்லிடுங்க. நான் ஆபீஸ்ல பேசிக்கிறேன்" என்றேன்.

"முடியலன்னு யாரு சொன்னா? உங்க அண்ணியா? அவ பயந்தவ." இருமி முடித்தார். "பண்ணிடலாம்மா."

அங்கேயே நின்று, நான் முடியாது என்று சொல்கிறேன், நீங்கள் அடுப்பை அணையுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் வாயால் வரட்டும் என்று காத்திருந்தேன். ஆபீஸுக்குப் போய் ஆர்க்கிடெக்ட்டிடம் சொன்னேன். "அவரே சரிங்கறாரு. நடுவுல உனக்கென்ன?" என்றார். அவர் கெட்டவர் இல்லை.

திறப்பு விழாவுக்கு அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கூடத்தின் நடுவே சிலை பளபளவென்று நின்றது. நிமிர்ந்த முதுகு, சிரித்த முகம், கையில் கெண்டி. பெரிய ஓட்டல்களின் வாசலில் நிற்பவர்களைப்போல இருந்தான். விருந்தினர்கள் வரிசையாக நின்று அதோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு தம்பதி இவரிடம் போனை நீட்டி, "கொஞ்சம் எடுக்க முடியுமா?" என்று கேட்டார்கள்.

"எடுத்துடலாம் சார்" என்று வாங்கிக்கொண்டார். அவர்களைப் பார்த்து இன்னொரு குடும்பம் கேட்டது. பிறகு இன்னொன்று. நான் கேக் தட்டோடு திரும்பி வந்தபோதும் சிலைக்கு எதிரே நின்று எடுத்துக்கொண்டிருந்தார். சிலைமேல் ஃபிளாஷ் அடிக்காமல் இருக்க ஓரடி தள்ளி நிற்கும்படி ஒவ்வொருவரிடமும் பக்குவமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷக் கடைசியில் அவர் கட்டிலுக்கு வந்துவிட்டார். பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின். மூக்கில் குழாய். பட்டறையைப் பூட்டி, சாவியை அண்ணி இடுப்பில் செருகிக்கொண்டார்.

இந்த நிலைமையில்தான் ஓட்டல்காரர் ஊட்டியில் இன்னொரு இடம் எடுத்திருப்பதாக ஆபீஸுக்குப் போன் செய்தார். அதே போன்ற சிலை ஒன்று வேண்டுமாம். அந்த ஒருமுறை நான் யாரையும் கேட்கவில்லை. "அவரால முடியாது சார். ரொம்ப உடம்பு சரியில்ல" என்றேன்.

"அப்படியா? நேத்து சாயங்காலம்தான் பேசினேன். கொஞ்சம் இருமினார். மெதுவா பண்ணிடலாம்னு சொன்னாரே" என்றார் அவர்.

உடனே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முத்தியால்பேட்டைக்குப் போனேன். அவர் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

"ஒண்ணுமில்லம்மா. உக்காந்துக்கினே செய்ற வேலைதான். நீ உக்காரு."

"படுக்கையில இருக்கேன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"அவரு எவ்ளோ ஆசையா கேட்டாரு தெரியுமா?"

அண்ணி கதவோரம் நின்றிருந்தார். அவருக்கு அப்போதுதான் விஷயமே தெரிகிறது.

நான் அவர் போனை எடுத்து, ஓட்டல்காரர் நம்பரை அழுத்தி, அவர் முன்னால் நீட்டினேன். "இப்பவே சொல்லுங்க. முடியாது சார். ரெண்டே வார்த்தை. நான் பக்கத்துலயே இருக்கேன்."

"சரிம்மா, சொல்லிடறேன்" என்றார். அதையும் அதே குரலில்தான் சொன்னார். டாக்டரிடம் சொன்ன சரி எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது.

மணி அடித்தது. எதிர்ப்பக்கம் எடுத்து "வணக்கம், சொல்லுங்க" என்றது. அவர் வாயைத் திறப்பதற்குள் அண்ணி இரண்டே எட்டில் வந்து என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"நான் அவரு சம்சாரம் பேசறேன். அவரு இல்லிங்க. போயிட்டாரு."

அந்தத் தணிந்த குரல் பதறுவது எங்களுக்கே கேட்டது. நேத்துதானே பேசினேன் என்றது.

"இன்னிக்குக் காலையில. வெச்சிடறேங்க."

போனைக் கட்டில்மேல் போட்டார். அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கொல்லைக் குழாயடிக்குப் போய் உப்பை வாயில் போட்டுக்கொண்டு கொப்பளித்தார். மூன்று முறை, நான்கு முறை. கடைசியில் குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து தாலியைக் கண்களில் ஒற்றிக்கொண்டு அழுதார்.

அவர் கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அந்த வயதில், அந்த உடம்போடு, மனைவி வாயால் அதைக் கேட்டால் யாருக்கும் மனம் பதறும். அவர், "தண்ணி வீணாப் போவுது. மூடச் சொல்லும்மா" என்று மட்டும் சொன்னார்.

நான் மூடிவிட்டு வந்தேன். அதற்குள் என் போன் அடித்தது. ஆர்க்கிடெக்ட். உண்மையா என்று கேட்டார். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "ஆமா சார்" என்றேன். நேரில் வருவதாகச் சொன்னார். விழுப்புரம் பக்கம் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றேன். பொய் அவ்வளவு சரளமாக வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அந்தச் சேதி எட்டாமல் அன்று பிற்பகல் ஓட்டல் டிரைவர் ஆளுயர ரோஜா மாலையோடு வந்தார். தெருமுனையிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பினேன். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் சுருட்டிப் போட்டுக்கொண்டு கடற்கரைச் சாலை வரை போய், யாரும் பார்க்காத நேரத்தில் குப்பைத்தொட்டியில் போட்டேன். மறுநாள் ஆபீஸில் அவருக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். நானும் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

பிறகு நான்கு மாதம் இருந்தார். அண்ணி போனிலிருந்து சிம்மைக் கழற்றிவிட்டார். வேலை கேட்டு யாரும் வரவில்லை. இருமல் குறைந்தது என்றுகூடச் சொல்லலாம். வாரம் ஒருமுறை ஆபீஸுக்குத் தெரியாமல் போய்ப் பார்ப்பேன். ஆனால் அவர் நிம்மதியாக இருந்தார் என்று என்னால் சொல்ல முடியாது. வெறும் போனைத் தலைமாட்டில் வைத்திருப்பார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார். பால்காரர் என்று தெரிந்ததும் சாய்ந்துகொள்வார்.

ஒருநாள் கேட்டார்: "யாரும் என்னைக் கேக்கலியாம்மா?"

"இல்லண்ணே."

வெறும் போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் போயிட்டேன்னதும் ஓட்டல்காரரு ரொம்ப வருத்தப்பட்டாரா?" என்றார்.

"ரொம்ப வருத்தப்பட்டாரு. மாலை அனுப்பினாரு."

"பாவம். நல்ல மனுஷன்" என்றார்.

அண்ணி செய்தது சரிதானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வேறு என்ன செய்திருக்கலாம் என்றும் தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அண்ணி கூப்பிட்டார். இந்த முறை குரலில் ஒன்றுமே இல்லை. "வாம்மா" என்றார், அவ்வளவுதான். நான் போனபோது அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஓசூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வந்துகொண்டிருந்தாள். தெருக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். அண்ணி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "யார் யாருக்குச் சொல்லணுமோ சொல்லிடும்மா" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் போனைத் திறந்து பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். ஆர்க்கிடெக்ட், ஓட்டல்காரர், அவரிடம் கைப்பிடியும் விளக்கும் செய்து வாங்கிய அத்தனை பேர். எல்லோரும் அவருக்காக ஏற்கெனவே வருத்தப்பட்டு முடித்திருந்தார்கள். போனை மூடி வைத்தேன்.

மதியம் இரண்டு மணிக்கு எடுத்தார்கள். எங்கள் ஆபீஸிலிருந்து நான் மட்டும் போயிருந்தேன், தலைவலி என்று லீவு சொல்லிவிட்டு.